கைக்குட்டை இல்லாமல் கிளம்பிய வீரன்: 'தி ஹாபிட்' பற்றிக் கேள்வி பதில்

குழந்தைகளுக்கு மாய உலக சாகச நாவல் வாங்க நினைக்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவை இவை. பல கேள்விகள் ஒரே புத்தகத்தில் வந்து நின்றதால் பதில்களும் அதைச் சுற்றியே இருக்கின்றன.

கேள்வி: அக்கா, என் மகனுக்குப் பத்து வயது. வகுப்பிலேயே குள்ளம். வாட்டசாட்டமான ஹீரோ எல்லாரையும் அடித்துப் போடும் கதைகளாகவே படிக்கிறான். சின்ன உருவத்து ஆள் ஒருவர் சாதிக்கிற மாதிரி நல்ல நாவல் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: யோசிக்கவே வேண்டாம், டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்'. 1937இல் வந்த ஆங்கில நாவல். பில்போ பேகின்ஸ்தான் நாயகன். ஹாபிட் என்ற இனத்தைச் சேர்ந்தவர். நம் உயரத்தில் பாதிதான் இருப்பார், பாதமெல்லாம் சுருள் முடி, செருப்பே போடுவதில்லை. குன்றைக் குடைந்து கட்டிய வசதியான வீடு, நிறைந்த சமையலறை, ஊரில் நல்ல பெயர். வம்பு தும்புக்குப் போகாத மனிதர். காண்டால்ஃப் என்ற மந்திரவாதி 13 சித்திரக்குள்ளர்களை அந்த வீட்டுக்குள் அனுப்பிவிடுகிறார். ஸ்மாக் என்ற டிராகன் பறித்துக்கொண்ட மலையையும் புதையலையும் மீட்கப் போகும் கூட்டம் அது. அதில் 14ஆவது ஆளாக, அதுவும் 'திருடன்' வேலைக்கு, பில்போவைச் சேர்த்துவிடுகிறார்கள்.

மறுநாள் காலை இரண்டாவது சிற்றுண்டி பாதியில் இருக்கும்போதுதான், 11 மணிக்கு வரச் சொல்லிக் குள்ளர்கள் எழுதி வைத்த சீட்டு கண்ணில் படுகிறது. மிச்சம் இருப்பது பத்து நிமிடம். தொப்பி இல்லை, கைத்தடி இல்லை, காசு இல்லை. ஓடி மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கைக்குட்டையை மறந்தது நினைவுக்கு வந்து புலம்புகிறார். இப்படி ஒரு ஆளை நம்பி டிராகனிடம் போகிறார்களே என்று பையன் சிரிக்க ஆரம்பித்தால் போதும், மிச்சத்தைப் புத்தகம் பார்த்துக்கொள்ளும். ஒன்று மட்டும்: 'நீ குள்ளமாக இருக்கிறாய், அதனால்தான் இதை வாங்கினேன்' என்று சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: பில்போவுக்கு ஐம்பது வயது என்று படித்தேன். கதையில் ஒரு சிறுவன்கூட இல்லையாமே. குழந்தைகள் எப்படி ஒன்றுவார்கள்?

பதில்: ஐம்பது வயதுதான். ஆனால் அவர் பயப்படுவது, பசிக்கிறது என்பது, வீட்டு நினைப்பில் ஏங்குவது, பெரியவர்கள் பேசுவது புரியாமல் தலையாட்டுவது எல்லாம் எட்டு வயதுப் பிள்ளை செய்வதுதான். கூட்டத்திலேயே சின்ன ஆள், எதையும் கேட்காமல் முடிவெடுத்துவிட்டு 'நீ போ' என்று தள்ளிவிடுகிறார்கள். குழந்தைகளுக்கு இந்த நிலைமை நன்றாகவே தெரியும்.

கேள்வி: மகள் தமிழ்வழியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலம் சுமார்தான். தானாகப் படிக்க முடியுமா?

பதில்: தனியாகக் கொடுத்தால் மூன்றாவது பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவாள். வாக்கியங்கள் நீளம், சொற்களும் பழையவை. ஆனால் இது வாய்விட்டுச் சொல்வதற்கென்றே அமைந்த கதை. டோல்கீன் தன் பிள்ளைகளுக்கும் சொன்ன கதைதான். எழுத்தாளரே நடுவில் வந்து கேட்பவரோடு பேசுவார், இப்போது வரப்போவதை முன்கூட்டியே போட்டுக் கொடுப்பார். ஆகவே நீங்கள் ஒரு அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு இரவில் தமிழில் சொல்லுங்கள். மொத்தம் 19 அத்தியாயங்கள். சண்டையோ பேச்சோ சூடு பிடிக்கும் இடத்தில் மட்டும் ஆங்கிலத்தில் நாலு வரி வாசித்துக் காட்டலாம். பாட்டுகள் நிறைய வரும், அலுத்தால் தாண்டிவிடுங்கள், கதை அறுந்துபோகாது. நன்றாகக் கேட்டுப் புரிந்துகொள்கிற பிள்ளை என்றால் ஒலிநூலும் இருக்கிறது. திரைப்படத்தில் கோலம் (Gollum) என்ற பிராணியாக நடித்த ஆண்டி செர்கிஸ் 2020இல் முழுப் புத்தகத்தையும் வாசித்திருக்கிறார்.

கேள்வி: நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. ஒரே ஒரு பீரியட் கிடைக்கிறது. எந்தப் பகுதியை எடுக்கலாம் மேடம்?

பதில்: ஐந்தாம் அத்தியாயம். வேறு யோசனையே வேண்டாம். மலைக்கடியில் இருட்டில் வழி தவறிய பில்போ, நிலத்தடி ஏரிக்கரையில் கோலம் என்ற ஒல்லிப் பிராணியிடம் மாட்டிக்கொள்கிறார். இருவருக்கும் விடுகதைப் போட்டி. பில்போ ஜெயித்தால் வெளியேறும் வழி, தோற்றால் கோலத்துக்கு அவரே சாப்பாடு.

இதில் குழந்தைகளுக்குப் பிடிப்பது, பில்போ அறிவாளியாக ஜெயிப்பதில்லை என்பதுதான். மீன் பற்றிய விடுகதைக்குப் பதில் தெரியாமல் திணறும்போது ஒரு மீனே தண்ணீரிலிருந்து துள்ளி அவர் காலில் விழுகிறது. அடுத்ததற்கு 'இன்னும் நேரம் கொடு' என்று கத்த வாயெடுக்கிறார், பயத்தில் 'நேரம்' மட்டும்தான் வெளியே வருகிறது. அதுவே விடை! கடைசியில் சட்டைப்பையில் கைவிட்டு, வழியில் இருட்டில் கண்டெடுத்த மோதிரம் (போட்டால் ஆளே கண்ணுக்குத் தெரியாது) தட்டுப்பட, 'என் பையில் என்ன இருக்கிறது?' என்று தனக்குத் தானே முணுமுணுத்ததை கோலம் கேள்வியாக எடுத்துக்கொள்கிறது. அது விடுகதையே இல்லை, அழுகுணி ஆட்டம்தான். 'இது நியாயமா?' என்று வகுப்பைக் கேட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கி நிற்கலாம், மணி அடிக்கும்வரை சண்டை ஓயாது.

முட்டைக்கும் மீனுக்கும் காற்றுக்கும் நம் பிள்ளைகளிடம் விடுகதை இல்லாமலா? பாதியில் நிறுத்தி அவர்களையே போடச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய பதிப்பில் இந்த அத்தியாயம் வேறு மாதிரி இருந்ததாமே, உண்மையா?

பதில்: உண்மை. 1937 பதிப்பில் கோலம் ஓரளவு நாணயமான ஆசாமி. ஜெயித்தால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாகச் சொல்லும். அது காணாமல் போய்விட்டதால் மன்னிப்புக் கேட்டு, பதிலாக வழி காட்டிவிடும். பிறகு டோல்கீன் எழுதிய பெரிய கதையான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'இல் மோதிரம் கொடிய பொருளாக மாறியதால் இது பொருந்தவில்லை. மாற்றி எழுதி மாதிரிக்கு அனுப்பினார், 1951 பதிப்பில் பதிப்பகத்தார் அதையே சேர்த்துவிட்டார்கள். இன்று நமக்குக் கிடைப்பது அதுதான். கையில் வாள் இருந்தும், கண்ணுக்குத் தெரியாத நிலையில் இருந்தும், கோலத்தின் தனிமையை நினைத்து இரக்கப்பட்டு பில்போ கொல்லாமல் அதன் தலைக்கு மேல் தாண்டிக் குதித்து ஓடும் இடம் திருத்தத்தில்தான் வந்தது. என்னைக் கேட்டால் நாவலின் மிகச் சிறந்த பக்கம் அது.

கேள்வி: என் பையன் கோபமாக இருக்கிறான். டிராகனை பில்போ கொல்லவே இல்லையாம்! கடைசியில் எவனோ ஒரு வில்லாளி வந்து அம்பு விடுகிறானாம். இது என்ன ஹீரோ?

பதில்: கோபம் நியாயமானதுதான். பார்ட் என்ற அந்த வில்லாளி கதை முக்கால்வாசி முடிந்த பிறகுதான் வருகிறார், இன்னும் கொஞ்சம் முன்பே அறிமுகப்படுத்தியிருக்கலாம். ஸ்மாக்கின் மார்பில் கவசமில்லாத ஓர் இடம் இருப்பதைக் கண்டுபிடித்தது பில்போதான், ஒரு பறவை வழியாக அந்தச் செய்தி பார்டுக்குப் போகிறது என்று சொல்லிச் சமாதானப்படுத்தலாம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படும் இடங்கள் வேறு.

ஒன்று, மலைக்குள் இறங்கும் சுரங்கம். குள்ளர்கள் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். பில்போ தனியாகப் போகிறார். சூடு ஏறுகிறது, தூரத்தில் சிவப்பு வெளிச்சம், டிராகனின் குறட்டை கேட்கிறது. அங்கே ஒரு நிமிடம் நிற்கிறார். பிறகு நடக்கிறார். அவர் செய்ததிலேயே துணிச்சலான காரியம் இதுதான் என்று டோல்கீனே சொல்கிறார். அப்போது டிராகனைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை.

இன்னொன்று, ஆர்க்கன்ஸ்டோன். டிராகன் செத்த பிறகு புதையலுக்காகக் குள்ளர்களும் மனிதர்களும் எல்ஃப் என்ற காட்டு இனத்தாரும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். குள்ளர் தலைவன் தோரின் உயிராக நினைக்கும் அந்த மணிக்கல் பில்போவிடம் இருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக அதை எதிர்முகாமில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார், பேரம் பேசிச் சண்டையைத் தவிர்க்கட்டும் என்று. இங்கேயே தங்கிவிடு, பத்திரமாக இருக்கலாம் என்கிறார்கள். மறுக்கிறார். நண்பர்களை விட்டுவிட மனமில்லை, போதாததற்கு பாம்பர் என்ற குள்ளரை நள்ளிரவில் எழுப்பிவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்! திரும்பிப் போனால் தோரின் என்ன செய்வான் என்று தெரிந்தே போகிறார். அவன் அவரை மதிலிலிருந்து தூக்கி எறியப் பார்க்கிறான்.

பெரிய போர் வரும்போதோ பில்போ தலையில் கல் பட்டு மயங்கிவிடுகிறார், எழுந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருக்கிறது. பையன் இன்னும் கோபமாகவே இருந்தால் விட்டுவிடுங்கள், கோபத்தோடு கதையை நினைத்துக்கொண்டிருப்பதும் நல்லதுதான்.

கேள்வி: பெண் பாத்திரங்களே இல்லையே?

பதில்: இல்லை. பில்போவின் அம்மா பெயர் வருகிறது, அவ்வளவுதான். சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். மகளுக்குச் சின்ன உருவத்து நாயகி வேண்டுமென்றால் மேரி நார்ட்டன் எழுதிய 'தி பாரோவர்ஸ்' இருக்கிறது, 1952இல் வந்தது. வீட்டுத் தரைக்கடியில் வாழும் விரலளவு குடும்பம், அரியெட்டி என்ற துறுதுறுப்பான பெண். டெர்ரி பிராட்செட்டின் 'தி வீ ஃப்ரீ மென்' (2003) கதையில் ஒன்பது வயது டிஃபனி, தம்பியை மீட்க இரும்பு வாணலியோடு கிளம்புவாள். சிரிப்புக்கு உத்தரவாதம், ஆனால் அதில் வரும் குட்டி மனிதர்கள் பேசும் ஸ்காட்லாந்துக் கொச்சை பெரியவர்களையே திணறடிக்கும்.

கேள்வி: ஆறு வயது. பயப்படுவாளா? கடைசியில் சாவு உண்டா?

பதில்: எட்டாம் அத்தியாயத்தில் ராட்சதச் சிலந்திகள் குள்ளர்களை நூலில் சுற்றித் தொங்கவிடும். இராத்தூக்கம் கெடக்கூடிய பிள்ளை என்றால் பகலில் வாசியுங்கள். கடைசிப் போரில் தோரினும், ஃபீலி, கீலி என்ற இளம் குள்ளர்களும் இறக்கிறார்கள். சாகும் முன் தோரின் பில்போவிடம் மனம்விட்டுப் பேசும் இடத்தில் வாசிக்கிற உங்கள் குரலே தடுமாறலாம். ஆறு வயதுக்கு இன்னும் இரண்டு வருடம் பொறுக்கலாம் என்பது என் கருத்து. அதுவரை கேட் டிகாமிலோவின் 'தி டேல் ஆஃப் டெஸ்பெரோ' கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பெரிய காதுள்ள குட்டி எலி, புத்தகத்தைக் கடிக்காமல் வாசிக்கும். 2004இல் அமெரிக்காவின் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் வாங்கிய கதை. ஆனால் அதிலும் பாதாளச் சிறை, அடி வாங்கும் சிறுமி எல்லாம் உண்டு, அட்டைப்படத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

கேள்வி: மூன்று படங்களும் பார்த்துவிட்டோம். புத்தகம் தேவையா?

பதில்: தேவை. 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக இழுத்தது ஒரே ஒரு புத்தகத்தை. டாரியல் என்ற பாத்திரம் புத்தகத்தில் கிடையாது, லெகோலாஸும் கிடையாது. படத்தில் போர் பெரிது, புத்தகத்தில் பில்போ பெரிது.

கேள்வி: எந்தப் பதிப்பு வாங்கலாம்?

பதில்: வரைபடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மலிவான சில அச்சுகளில் அது மங்கலாக, பாதி படிக்க முடியாமல் இருக்கும். குள்ளர்களின் வரைபடத்தில் நிலா வெளிச்சத்தில் மட்டும் தெரியும் எழுத்துகள் உண்டு. அவற்றைத் தாளின் பின்பக்கம் அச்சடித்து, வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் தெரியும்படி செய்ய டோல்கீன் ஆசைப்பட்டார், பதிப்பகம் ஒத்துக்கொள்ளவில்லை. ஓவியங்களும் மேலட்டையும் அவரே வரைந்தவை, அவை உள்ள பதிப்பு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

கேள்வி: வயது வரம்பு ஐந்து முதல் ஒன்பது என்று எங்கோ படித்தேனே?

பதில்: அதைச் சொன்னது ஒரு பத்து வயதுப் பையன்! கையெழுத்துப் பிரதியைப் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் தன் மகன் ரேனரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஒரு ஷில்லிங் கூலி. ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று 1936 அக்டோபரில் அறிக்கை எழுதிக் கொடுத்தான். பத்து வயதுக்காரன் வேறென்ன சொல்வான், தனக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தானே தள்ளிவிடுவான். முதலில் அச்சிட்ட 1500 பிரதிகளும் 1937 முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தன. வாசித்துக் காட்ட எட்டு வயது, தானாகப் படிக்கப் பதினொன்று பன்னிரண்டு என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: முடித்த கையோடு 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கொடுக்கலாமா சார்?

பதில்: சார் இல்லை, அக்கா. கொடுக்காதீர்கள். அது பெரியவர்களுக்கான கதை, நீளமும் கனமும் வேறு. பிள்ளையே 'அந்த மோதிரம் அப்புறம் என்ன ஆச்சு?' என்று நச்சரிக்க ஆரம்பிக்கட்டும், அப்போது முதல் பாகத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.