ஆட்டிசமும் வயிறும்: பெற்றோர் கேட்டவை

கேள்வி: அக்கா, மகனுக்கு ஆறு வயது, பேச்சு வரவில்லை. சாயங்காலமானால் சோபா கைப்பிடியில் வயிற்றை அழுத்திக் குப்புறக் கிடக்கிறான், தலையை முட்டிக்கொள்கிறான். ஆட்டிசம் என்றால் அப்படித்தான் என்கிறார்கள்.

பதில்: அப்படியே விட்டுவிடாதீர்கள் அம்மா. முதலில் வயிற்றைப் பாருங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வயிற்றுவலியும் மலச்சிக்கலும் மற்ற பிள்ளைகளைவிட நிறையவே அதிகம். "வலிக்குது" என்று சொல்லத் தெரியாத பிள்ளை இப்படித்தான் காட்டும். இரண்டு வாரம் காலண்டரில் குறியுங்கள்: என்றைக்குப் போனான், ஆட்டுப் புழுக்கை மாதிரியா, கூழாகவா, அன்று தூக்கம் எப்படி. அதைக் கையோடு குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: என் பையனுக்கு மலச்சிக்கல் இல்லையே, ஜட்டியில் தண்ணியாகத்தானே ஒழுகுகிறது?

பதில்: பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இது. பல நாள் அடக்கி வைத்தது கல்லாக இறுகிக் குடலை அடைத்திருக்கும். புதிதாக வரும் இளகின மலம் அதன் ஓரமாக வழிந்து வரும். நாம் வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்த மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். திரைச்சீலைக்குப் பின்னால் போய், நுனிக்காலில், தொடையை இறுக்கிக்கொண்டு நிற்கிறானா என்று கவனியுங்கள். முக்குவதாகத் தோன்றும், அடக்குகிறான். போன தடவை வலித்த பயம் அவனுக்கு. மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். மலம் இளக்கும் மருந்தைப் பல மாதம் கொடுக்க வேண்டிவரும். நாலு நாளில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: குடலைச் சரிசெய்தால் ஆட்டிசமே போய்விடும் என்று ஓர் இடத்தில் பெரிய தொகை கேட்கிறார்கள் மேடம்.

பதில்: கொடுக்காதீர்கள். வலி தீர்ந்தால் பிள்ளை நன்றாகத் தூங்கும், எரிச்சல் குறையும், பாடத்தில் உட்காரும். அது பெரிய விஷயம்தான். ஆனால் ஆட்டிசம் போகாது. இந்த ஆசை புதிதல்ல. 1998இல் அமெரிக்காவில் செக்ரெட்டின் என்ற குடல் ஹார்மோனைப் பரிசோதனைக்காகச் செலுத்தியபோது மூன்று பிள்ளைகள் முன்னேறியதாகச் செய்தி வந்தது, பெற்றோர் அலைமோதினார்கள். மறு ஆண்டே 60 பிள்ளைகளைச் சேர்த்து, பாதிப் பேருக்குச் செக்ரெட்டின், மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர் போட்டுச் சோதித்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு முன்னேற்றம். இதைச் சொன்ன பிறகும் பெற்றோரில் பெரும்பாலோர் அந்த ஊசியில் ஆர்வமாகவே இருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; அந்த ஆசையை விலைபேசுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

கேள்வி: குடல் பாக்டீரியா வேறுபடுகிறது என்பதாவது உண்மையா?

பதில்: வேறுபாடு தெரிகிறது, எது எதற்குக் காரணம் என்பதில்தான் சிக்கல். 2021இல் ஆஸ்திரேலியாவில் 247 பிள்ளைகளின் மலத்தை ஆராய்ந்தவர்கள் கதையைத் திருப்பிப் போட்டார்கள்: ஆட்டிசம் உள்ள பிள்ளை நாலைந்து பண்டம்தான் தொடும், அதனால் குடல் பாக்டீரியாவின் வகைகளும் குறைகின்றன. அரிசோனாவில் 18 பிள்ளைகளுக்கு ஆரோக்கியமானவர்களின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக 2017இல் எழுதினார்கள். ஆனால் எல்லோருக்கும் மருந்து போவது தெரிந்தே நடந்தது அது. உப்புநீர்க் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோதுமை, பால் நிறுத்தலாமா?

பதில்: ஆட்டிசத்துக்காக வேண்டாம். தயிர்ச் சோறும் பிஸ்கட்டும் மட்டுமே தின்கிற பிள்ளையிடம் தயிரைப் பிடுங்கினால் கால்சியத்துக்கு எங்கே போவது? கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்ற சந்தேகமிருந்தால், நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் (கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனை எடுங்கள்; நிறுத்திய பிறகு எடுத்தால் முடிவு தப்பாகலாம்.

கேள்வி: தடுப்பூசி குடலைக் கெடுத்து ஆட்டிசம் வரும் என்கிறார்களே?

பதில்: வராது. 12 பிள்ளைகளை வைத்து 1998இல் வந்த ஒரு கட்டுரையிலிருந்து பரவிய பேச்சு அது. 2010இல் அந்தக் கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே அதைத் திரும்பப் பெற்றது; எழுதிய மருத்துவரின் பதிவும் பறிபோனது. தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள்.

கேள்வி: வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காரவே மாட்டேன் என்கிறாள் அக்கா.

பதில்: கால் அந்தரத்தில் தொங்கினால் முக்க வராது, பயமும் வரும். முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயரும்படி காலடியில் ஒரு பலகை போடுங்கள். சாப்பிட்டுக் கால் மணி நேரம் கழித்து ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். வராவிட்டாலும் திட்டாமல் இறக்கி விடுங்கள்.