‘கர்த்தர் சொன்னார்’ என்று ஒருவர் சொன்னால்…

மகன் கத்தார் வேலைக்கு முயற்சி செய்கிறான். கன்வென்ஷனில் ஒரு ஊழியர், “மூன்று மாதத்தில் கதவு திறக்கும், அதை நம்பி இப்போதே விதை காணிக்கை போடுங்கள்” என்றார். நம்பலாமா? (மார்த்தாண்டம்)

உடனே நம்பவும் வேண்டாம், கேலி செய்யவும் வேண்டாம். அவர் சொன்னதை அப்படியே, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். எழுதி வைக்காவிட்டால், பிறகு எது நடந்தாலும் ‘இதைத்தானே சொன்னார்’ என்று மனசு தானாகவே ஒட்டுப்போட்டுக்கொள்ளும்.

அடுத்து, சொன்னது சோதிக்கத்தக்கதா என்று பாருங்கள். ‘கதவு திறக்கும்’ எந்த வீட்டுக்கும் பொருந்தும். உபாகமம் 18:22-இன் அளவுகோலோ நடந்ததா, நடக்கவில்லையா என்பதுதான். ஊழியர் சொன்னதைச் சோதித்து நிதானித்தவர்கள் யார்? இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்பது 1 கொரிந்தியர் 14:29. போனில் தனியாகச் சொல்லி, ‘சபையில் யாரிடமும் பேசாதீர்கள்’ என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பணத்துக்காகக் குறிசொல்லும் தீர்க்கதரிசிகளை மீகா 3:11 கண்டிக்கிறது. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கொடுப்பீர்கள் என்றால் அது காணிக்கை, இல்லையென்றால் கமிஷன். ஏஜெண்டு பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பார்ப்பதும் நிதானிப்பில் சேர்ந்ததுதான். அதை அவிசுவாசம் என்பவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம்.

மகளுக்கு வரன் வந்த அன்று, வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை எடுத்தபோது எரேமியா 29:11 (‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’) வந்தது. சம்மதம் சொல்லலாமா? (மயிலாடி)

அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. 70 வருஷம் கழித்துத்தான் திரும்புவீர்கள் என்கிறது. மாப்பிள்ளையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அப்போஸ்தலர் 1-இல் யூதாசின் இடத்துக்கு ஆள் தெரிந்தெடுக்கச் சீட்டுப் போட்டார்களே என்பீர்கள். முதலில் தகுதி பார்த்து இரண்டு பேரை நிறுத்திவிட்டுத்தான் போட்டார்கள். பையனின் குடி, கடன், வேலை ஆகியவற்றை விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் மகளிடம் கேளுங்கள்.

ரப்பரில் நஷ்டம், வீட்டில் நோய். பூர்வீக சாபம் என்று சொல்லி, முறிக்க 5,000 ரூபாய் கேட்கிறார்கள். (முளகுமூடு)

கொடுக்காதீர்கள். யோபுவின் சிநேகிதரும் துன்பத்துக்குக் காரணம் பாவமே என்றார்கள். அவர்கள் பேசினது சரியல்ல என்று கடைசியில் கர்த்தரே சொல்கிறார் (யோபு 42:7). உங்கள் பக்கத்து நட்டாலத்து நீலகண்ட பிள்ளை நஷ்டத்தில் நொந்திருந்தபோது, திருவிதாங்கூர் படையின் ஐரோப்பியத் தளபதி டி லனாய் சொன்னதும் இந்த யோபுவின் கதையைத்தான். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற அவரைத்தான் 2022-இல் புனிதர் தேவசகாயம் என்று அறிவித்தார்கள். நோய்க்கு டாக்டரைப் பாருங்கள். ஜெபத்துக்கு உங்கள் போதகர் காசு கேட்கமாட்டார்.

வள்ளத்தை விற்றுவிட்டு மஸ்கட் போகலாமா? ஜெபித்தும் தெளிவில்லை. (குளச்சல்)

வலை வெறுமையாக வந்த வாரத்தில் தீர்மானிக்காதீர்கள். மனம் இருண்டிருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றக்கூடாது என்பது இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் விதி. மனம் அமைதியான நாளில் ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: போனால் நன்மை, போனால் கேடு, இருந்தால் நன்மை, இருந்தால் கேடு. பலரும் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். ‘இருந்தால்’ என்று எழுதும்போதுதான், பிரச்சினை கடலா, கடனா, அண்ணன் தம்பி சண்டையா என்பது வெளியே வரும். வீட்டுக்காரியும் தனியாக எழுதி, பிறகு இரண்டையும் ஒத்துப்பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் என்ன சொல்வீர்கள், மரணப் படுக்கையில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவீர்கள் என்பவையும் இஞ்ஞாசியார் கேட்கச் சொன்னவை.

இரண்டு வாரம் இரவில் 15 நிமிஷம் ஆன்ம சோதனை செய்யுங்கள்: நன்றி, ஒளி கேட்டல், அன்றைய நாளைத் திரும்பப் பார்த்தல், மனவருத்தம், நாளைக்கான தீர்மானம். மஸ்கட்டை நினைத்ததும் வரும் உற்சாகத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது அடங்கியபின் மிஞ்சுவது சமாதானமா, படபடப்பா என்று குறித்து வையுங்கள்.

ஏஐ செயலியிடம் ஆலோசனையும் வசனமும் கேட்கலாமா? (தக்கலை)

வசனம் தேடக் கேட்கலாம். ஆனால் இல்லாத வசனத்துக்கும் அது எண் போட்டுத் தரும். வேதாகமத்தைத் திறந்து அதிகாரம் முழுவதும் வாசியுங்கள். சரியான வசனமும் பாதியாக வரலாம். இயேசுவைச் சோதிக்கச் சாத்தான் சங்கீதம் 91-ஐச் சொன்னபோது ‘உன் வழிகளிலெல்லாம்’ என்பதை விட்டுவிட்டானே! ஆலோசனைக்கு, உங்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்த பெரியவர் ஒருவர் சபையில் இருப்பார். அவர் உங்களைக் கண்டிக்கவும் செய்வார். செயலி பெரும்பாலும் ஆமாம் போடும்.