குடும்ப மருத்துவருக்குத் தனிப் படிப்பு கட்டாயமா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மருத்துவக் கல்விச் சட்டங்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். என் மகள் எம்.பி.பி.எஸ். முடித்து, ஹவுஸ் சர்ஜன் ஆண்டும் முடிந்து, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் வாங்கிவிட்டாள். கோத்தகிரியிலேயே கிளினிக் போட்டு குடும்ப டாக்டராக இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. லண்டனில் இருக்கும் என் அக்கா மகனோ, "இங்கே மூன்று வருடம் தனியாகப் பயிற்சி எடுத்துத் தேறாமல் யாரும் ஜி.பி. (பொது மருத்துவர்) ஆக முடியாது. அங்கே சட்டப்படி செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறான். இதற்கிடையில் ஒரு நிறுவனம் தினமும் போன் செய்கிறது. ஓராண்டு ஆன்லைனில் 'ஃபெலோஷிப் இன் ஃபேமிலி மெடிசின்' படித்தால் போர்டில் ஸ்பெஷலிஸ்ட் என்றே போட்டுக்கொள்ளலாமாம். மலையில் வேலை பார்த்தால் பி.ஜி. சேர்க்கையில் மதிப்பெண் கூடும் என்றும் சொல்கிறார்கள். கிளினிக் நடத்தும் வருடங்களும் அதில் சேருமா? எதை நம்புவது என்று தெரியவில்லை.

பெயர் வேண்டாம்,
கோத்தகிரி

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மகளுக்குத் தகுதி விஷயத்தில் எந்தத் தடையும் இல்லை. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019 பார்ப்பது பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்பதை மட்டும்தான். மாநிலப் பதிவேட்டிலோ தேசியப் பதிவேட்டிலோ இல்லாதவர் மருத்துவம் பார்க்கக் கூடாது, மருத்துவச் சான்றிதழில் கையெழுத்திடவும் கூடாது என்கிறது 34ஆம் பிரிவு. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெயர் ஏறிவிட்டவர் பொது மருத்துவம் பார்க்க அதற்கு மேல் ஒரு தேர்வோ உரிமமோ இந்தியச் சட்டத்தில் கிடையாது. குடும்ப மருத்துவர்களுக்கென்று தனிப் பதிவேடும் இல்லை.

உங்கள் அக்கா மகன் சொல்வதும் சரிதான், அவர் ஊருக்கு. அங்கே மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு இரண்டாண்டு அடிப்படைப் பயிற்சி, அதற்குப் பிறகு ஜி.பி. பயிற்சி மூன்றாண்டு, எம்.ஆர்.சி.ஜி.பி. என்ற பொது மருத்துவர் தேர்வில் தேர்ச்சி. 2006 ஏப்ரல் முதல் ஜி.பி.க்களுக்கென்று தனிப் பதிவேடே இருக்கிறது. அதில் பெயர் ஏறாதவர் அரசு சுகாதாரச் சேவையில் ஜி.பி.யாக உட்கார முடியாது.

ஐரோப்பிய நாடுகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கட்டாயம் எப்படி வந்தது என்று பார்த்தால் நம் ஊரில் ஏன் வரவில்லை என்பதும் விளங்கும். இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகம் 1986 செப்டம்பரில் ஓர் உத்தரவு போட்டது, எண் 86/457. பொது மருத்துவத்துக்குத் தனிப் பயிற்சி குறைந்தது இரண்டாண்டு; அதில் ஆறு மாதமாவது மருத்துவமனையில், ஆறு மாதமாவது பொது மருத்துவரின் கிளினிக்கில். 1995 ஜனவரி 1 முதல் இந்தச் சான்று இல்லாதவர் சமூகக் காப்பீட்டின் கீழ் பொது மருத்துவராக நோயாளிகளைப் பார்க்க முடியாது. ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களின் உரிமையைத் தொடாமல் விட்டார்கள். இன்றைய உத்தரவான 2005/36இன்படி பயிற்சி குறைந்தது மூன்றாண்டு. இதில் கவனிக்க வேண்டியது, பூட்டு எந்தக் கதவில் போடப்பட்டது என்பது. காப்பீட்டுப் பணம் வரும் கதவில் போட்டார்கள். டாக்டருக்கு யார் பணம் தருகிறாரோ அவரால்தான் 'பயிற்சி எடுத்து வா' என்று சொல்ல முடியும்.

கோத்தகிரியில் காய்ச்சலுக்கு வருகிறவர் தன் சட்டைப் பையிலிருந்து பணம் எடுத்துத் தருகிறார். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைகளுக்குத்தான். கிளினிக்கில் சீட்டு எழுதி வாங்குவதற்கு அது பணம் தராது. பணம் தரும் அமைப்பு என்று ஒன்று இல்லாத இடத்தில் கட்டாயப் பயிற்சியும் வராது. இது நல்ல நிலைமை என்று நான் சொல்ல மாட்டேன். உதகையில் 2022இல் 150 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே படித்து வரும் பிள்ளைகளும் நாளை இதே கேள்வியோடு நிற்பார்கள்.

இப்போது அந்த ஃபெலோஷிப். போனில் பேசுகிறவர் சொல்வதில் பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. டாக்டர்களின் நடத்தைக்கு இன்று நடைமுறையில் இருப்பவை 2002ஆம் ஆண்டின் விதிகள். 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்தன, அதே மாதம் நிறுத்தி வைக்கப்பட்டன, பழையவை திரும்பிவிட்டன. அவற்றில் 1.4.2ஆம் விதி, டாக்டர் தன் பெயருக்குப் பின்னால் எதைப் போடலாம் என்று சொல்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பட்டங்களோடு, தொழிலறிவு தரும் சான்றிதழ்கள், உறுப்பினர் தகுதிகள் என்று அதன் வாசகம் கொஞ்சம் தளர்வாகவே இருக்கிறது. நிறுவனங்கள் பிடித்துத் தொங்குவது இந்த இடத்தைத்தான். ஆனால் 7.20ஆம் விதி அப்படித் தளர்வாக இல்லை. அந்தத் துறையில் சிறப்புத் தகுதி இல்லாதவர் தன்னை ஸ்பெஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. சொன்னால் அது ஒழுங்கீனம். ஆன்லைன் ஃபெலோஷிப் படித்ததில் குற்றமில்லை, ஸ்பெஷலிஸ்ட் என்ற சொல்லைப் போர்டில் ஏற்றுவதில்தான் சிக்கல்.

சிக்கல் கவுன்சிலோடு நிற்பதில்லை. டாக்டரின் கவனக்குறைவை எப்படி அளப்பது என்பதை 2005இல் உச்ச நீதிமன்றம் ஜேக்கப் மேத்யூ வழக்கில் தெளிவுபடுத்தியது. தனக்கு எந்தத் திறமை இருப்பதாக ஒருவர் காட்டிக்கொள்கிறாரோ, அந்தத் திறமையுள்ள சாதாரணமான ஒருவர் அளவுக்கு அவர் செய்திருக்கிறாரா என்பதே அளவுகோல். எம்.பி.பி.எஸ். என்று மட்டும் போட்டிருந்தால் எம்.பி.பி.எஸ். டாக்டரின் அளவுகோல். ஸ்பெஷலிஸ்ட் என்று போட்டுவிட்டால், நாளை வழக்கு என்று வரும்போது எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் எடுத்து வைப்பது அந்தப் போர்டின் புகைப்படத்தைத்தான்.

அந்த நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "இந்தச் சான்றிதழைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிய முடியுமா?" வரும் பதிலில் சர்வதேசம், ஐ.எஸ்.ஓ., வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கூட்டு என்றெல்லாம் இருந்து, 'முடியும்' என்ற சொல் மட்டும் இல்லாவிட்டால் விடை கிடைத்துவிட்டது. நல்ல மருத்துவமனைகள் நடத்தும் தொலைநிலைப் படிப்புகளும் உண்டு. அவற்றில் பாடம் உருப்படியாகவே இருக்கும், வேலைக்கும் உதவும். அவற்றையும் இதே கேள்வியால் சோதித்த பிறகே பணம் கட்டுங்கள்.

பதிவேட்டில் ஏறும் படிப்புகள் மூன்று. மூன்றுக்கும் நீட் பி.ஜி. என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எம்.டி. குடும்ப மருத்துவம் மூன்றாண்டு. இடங்கள் மிகக் குறைவு. நாட்டில் இதை முதலில் தொடங்கிய கல்லூரிகளில் ஒன்று கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி, கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக இறங்கினால் எட்டிவிடும் தூரம். அடுத்தது தேசியத் தேர்வு வாரியம் மருத்துவமனைகள் வழியாக நடத்தும் டி.என்.பி. குடும்ப மருத்துவம், இதுவும் மூன்றாண்டு. மூன்றாவது அதே வாரியத்தின் இரண்டாண்டு டிப்ளமோ, எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் நேராகச் சேரலாம். ரேங்க் கொஞ்சம் பின்னால் இருந்தாலும் குடும்ப மருத்துவ இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு, ஏனென்றால் ரேடியாலஜி, தோல் மருத்துவம் என்று எல்லோரும் ஓடுகிறார்கள்.

உங்கள் மகள் போன்றவர்களுக்கு நான் சொல்வது டி.என்.பி. ஆனால் எந்த மருத்துவமனை என்பதில் ஏமாறக் கூடாது. வாரியம் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் துறைவாரியாக, குறிப்பிட்ட காலத்துக்குத்தான் அங்கீகாரம் தருகிறது. பொது மருத்துவத்துக்கு அங்கீகாரம் இருப்பதால் குடும்ப மருத்துவத்துக்கும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, துறையையும் முடியும் தேதியையும் பாருங்கள். பிறகு இப்போது அங்கே படிக்கும் மாணவர் ஒருவரிடம் சுழற்சிப் பட்டியலைக் கேளுங்கள். பொது மருத்துவம், குழந்தைகள், மகப்பேறு, அறுவை, அவசரச் சிகிச்சை என்று எல்லாத் துறையிலும் போட்டார்களா, அல்லது வார்டு நைட் டியூட்டிக்கு ஆள் கிடைத்தது என்று ஒரே இடத்தில் உட்கார வைத்தார்களா? குடும்ப மருத்துவப் பயிற்சி கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். இரண்டாவது விபத்து ஆய்வேடு. எழுத்துத் தேர்வு 100 மதிப்பெண் வீதம் நான்கு தாள். அதில் தேறினால்தான் செய்முறைக்குப் போக முடியும். ஆய்வேடு ஏற்கப்படாமல் பட்டம் கைக்கு வராது. ஆய்வுத் திட்டத்தைச் சேர்ந்த முதல் சில மாதங்களிலேயே அனுப்ப வேண்டும். 'முதல் வருஷம் போகட்டும்' என்று தள்ளுகிறவர்கள் மூன்றாம் வருடம் தேர்வையும் ஆய்வேட்டையும் ஒன்றாகச் சுமக்கிறார்கள்.

டி.என்.பி.யைப் பற்றி இன்னொரு பயம் உலவுகிறது, 500 படுக்கை இல்லாத மருத்துவமனையில் படித்தால் செல்லாது என்று. சட்டத்தின் 37ஆம் பிரிவு சொல்வது வேறு. அப்படிப்பட்ட இடத்தில் படித்தவர் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக வேண்டுமானால் மருத்துவக் கல்லூரி ஒன்றில் கூடுதலாக ஓராண்டு சீனியர் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சிப் பணி) செய்ய வேண்டும், அவ்வளவுதான். கோத்தகிரியில் கிளினிக் நடத்துவதற்கும் அந்த நிபந்தனைக்கும் சம்பந்தமில்லை.

மலைப்பகுதி மதிப்பெண் விஷயத்தில் உங்களுக்கு வந்த செய்தி அரைகுறை. 2000ஆம் ஆண்டின் முதுநிலைக் கல்வி விதிகளில் 9(4) கொண்டுவந்த சலுகை அது. தொலைதூர, கடினப் பகுதிகளில் பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் நீட் மதிப்பெண்ணில் 10 சதவீதம் வரை, மொத்தம் 30 சதவீதத்துக்கு மேற்படாமல் அரசு கூட்டித் தரலாம். 300 வாங்கியவருக்கு மூன்றாண்டுப் பணி இருந்தால் அதிகபட்சம் 390. கூடுவது அவரவர் வாங்கிய மதிப்பெண்ணின் சதவீதம், மொத்த மதிப்பெண்ணின் சதவீதமாக எண்ணிக்கொள்ளாதீர்கள். இது அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு மட்டும். சொந்தக் கிளினிக் குந்தாவில் இருந்தாலும் பந்தலூரில் இருந்தாலும் ஒரு மதிப்பெண்கூட ஏறாது. மாநிலங்கள் அரசு டாக்டர்களுக்குத் தனி ஒதுக்கீடு வைத்துக்கொள்ளலாம் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அவர்களைப் பற்றியதுதான். உங்கள் மகளுக்கு முதுநிலைப் படிப்பில் உண்மையிலேயே ஆசை இருந்தால், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வு எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேருவதைப் பற்றியும் யோசிக்கட்டும். எந்த நிலையம் எந்தப் பிரிவில் வருகிறது என்பதை அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டாயமில்லாத படிப்பை ஏன் படிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் நீலகிரிக்கு ஒரு பதில் உண்டு. இந்தியாவில் அரிவாள் செல் நோய் (பரம்பரையாக வரும் ரத்தச் சிவப்பணுக் கோளாறு) முதன்முதலில் பதிவானது இந்த மலைப் பழங்குடிகளிடம்தான், 1952இல். பணியர் என்ற பழங்குடியினர் வீட்டுப் பிள்ளை ஒன்று கைகால் வலி என்று வருகிறது. அவசரத்தில் பார்க்கிறவர் வாத வலி என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். முறையாகப் பயின்றவர் அண்ணன் தம்பிக்கும் இப்படி வலி வருமா, வீட்டில் யாருக்காவது ரத்தம் ஏற்றியதுண்டா என்று கேட்பார். இந்த நோய்க்கான முதல்கட்ட ரத்தப் பரிசோதனையான கரைதிறன் சோதனைக்கு அனுப்புவார். அது பாசிட்டிவ் வந்தால் அங்கேயே நிற்க மாட்டார், ஏனென்றால் அந்தச் சோதனை நோயாளியையும் வெறும் மரபணு சுமப்பவரையும் பிரித்துச் சொல்லாது, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. சோதனை வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் கரைதிறன் சோதனை நெகட்டிவ் என்று வந்தாலும் நம்பக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். ஹவுஸ் சர்ஜனாக 52 வாரத்தைப் பத்துப் பதினைந்து துறைகளுக்குப் பங்கு போட்டுக்கொண்டு ஓடியவருக்கு இந்த வரிசை கைப்பழக்கமாக வந்திருக்காது.

படிக்கப் போகும்வரை கிளினிக் நடத்துவதானால் சில வேலைகள் இருக்கின்றன. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997இன் கீழ் மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநரிடம் கிளினிக்கைப் பதிய வேண்டும். உயிரிமருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி வேண்டும். படுக்கை இல்லாத கிளினிக்குக்கும் இது உண்டு. பக்கத்தில் மெடிக்கல் ஷாப் இல்லாத ஊரில் தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கலாம், உரிமம் பெற்ற வியாபாரியிடம் பில்லோடு வாங்கியிருக்க வேண்டும். ஆனால் கடை போல் மேசையைத் தாண்டி வருவோர் போவோருக்கு விற்கக் கூடாது. பதிவு எண் போர்டிலும், மருந்துச் சீட்டிலும், ரசீதிலும் இருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர் மருத்துவக் கல்வியும் கணக்கில் இருக்க வேண்டும்.

இந்த மாவட்டத்தில் இளம் டாக்டர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது லீவு சர்டிஃபிகேட்டில். டீ எஸ்டேட் தொழிலாளி நோய்க்கால உதவித்தொகை கேட்க டாக்டரின் சான்று வேண்டும். அதனால் திங்கட்கிழமை காலையில் வரிசை நிற்கும். 2002 விதிகளின்படி, கொடுத்த ஒவ்வொரு சான்றுக்கும் தனிப் பதிவேட்டில் விவரம் எழுதி, நகல் வைத்துக்கொள்ள வேண்டும். சான்றிலேயே நோயாளியின் முகவரி, கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை, ஓர் அங்க அடையாளமாவது இருக்க வேண்டும். 'இடது புருவத்தின் மேல் தழும்பு' என்று எழுத அரை நிமிடம்கூட ஆகாது. அதை விட்டுவிட்டு, ஆளையே பார்க்காமல் போன தேதியிட்டு எழுதிக் கொடுத்தால் அது பொய்ச் சான்று, பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்கக்கூடிய குற்றம். மேஸ்திரி வந்து பத்துப் பேருக்கு ஒன்றாகக் கேட்டால் முடியாது என்று சொல்ல முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஸ்கேன் மெஷின் விற்க வருகிறவரையும் அப்படியே அனுப்பிவிடலாம். எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவர் கர்ப்பிணிக்கு அல்ட்ராசவுண்ட் பார்க்க 2014 விதிகளின்படி ஆறு மாதப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், இடமும் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாத இடத்துக்கு அந்த மெஷினை விற்பதே குற்றம் என்று அவருக்கே நன்றாகத் தெரியும்.