வயதை எழுதுங்கள், காதைப் பாருங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிள்ளையின் வயது இல்லை. "என் பிள்ளை படிக்கிறான் இல்லை, என்ன செய்யலாம்?" என்று மட்டும் எழுதினால் நான் என்ன சொல்ல? நாலு வயதுக்கும் பதினாலு வயதுக்கும் ஒரே பதிலா? வயது, எங்கே படிக்கிறார், காதும் கண்ணும் சோதித்தாயிற்றா, வீட்டில் என்ன மொழி: இந்த நாலும் இல்லாத கடிதங்களை இனி ஓரமாக வைத்துவிடுவேன். பெயரும் முகவரியும் எனக்குத் தேவையில்லை.

கேள்வி: மகனுக்கு ஒன்பது வயது. டவுண் சின்ட்ரோம். பேச்சு இன்னும் தெளிவில்லை. பேச்சு திருந்திய பிறகு வாசிக்கப் பழக்கலாம் என்று சொந்தக்காரர் எல்லாரும் சொல்கிறார்கள். பொறுத்திருக்கலாமா? (ஒரு தகப்பன், தம்பலகாமம்)

பதில்: பொறுக்க வேண்டாம், இதுவரை பொறுத்ததே கூடிப்போயிற்று. டவுண் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் காதால் கேட்டு மனதில் வைப்பதைவிடக் கண்ணால் பார்த்து மனதில் வைப்பது லேசு. சொன்ன சொல் காற்றோடு போய்விடும், எழுதின சொல் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். வாசிக்க வாசிக்கப் பேச்சும் கூடவே வரும். 1980 அளவில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் சூ பக்லி என்ற உளவியலாளருக்கு ஒரு தகப்பன் கடிதம் எழுதினார். தன் மகளுக்கு டவுண் சின்ட்ரோம், சின்ன வயதிலேயே அட்டை எழுதி வாசிக்கப் பழக்கினேன், வாசிக்கிறாள் என்று. பக்லி அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடவில்லை, ஆராய்ச்சியாக எடுத்தார். இந்தப் பிள்ளைகளின் வாசிப்புப் பற்றி இன்றைக்கு நமக்குத் தெரிந்ததில் கனக்க அங்கிருந்து கிளம்பியதுதான்.

அவன் தினம் புழங்கும் சொல் நாலைந்து எடுங்கள்: அம்மா, சோறு, பந்து, மாடு. தடித்த எழுத்தில் அட்டையில் எழுதுங்கள். முதலில் ஒரே சொல் உள்ள அட்டைகளைச் சோடி சேர்க்கட்டும். பிறகு நீங்கள் சொல்ல அவன் எடுக்கட்டும். அவன் வாயால் சொல்வது கடைசியில்தான், குழறினாலும் பரவாயில்லை. ஐம்பது சொல் அளவில் வந்ததும் எழுத்துகளைப் பிரித்துக் காட்டலாம். 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போவேன் என்று நின்றால் ககர வரிசையிலேயே பையனுக்கு மீசை முளைத்துவிடும்.

காதைப் பாருங்கள். இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் ஏதோவொரு அளவில் கேட்டல் குறைவு உண்டு, பெரும்பாலும் நடுக்காதில் நீர் கோப்பதால். பிறந்தபோது சோதித்த துண்டு இப்போது செல்லாது.

கேள்வி: ஞாபக சக்தி கூட ஏதாவது மாத்திரை இருக்கிறதா? (உப்புவெளி)

பதில்: இல்லை. கடிதத்தில் வயதும் இல்லை.

கேள்வி: மகனுக்கு ஐ.கியூ. (அறிவுத்திறன் எண்) 52 என்று எழுதித் தந்திருக்கிறார்கள். எந்த வகுப்பு வரைக்கும் படிப்பான்? (சீனக்குடா)

பதில்: அந்த எண்ணுக்குள் வகுப்பு எதுவும் எழுதியில்லை. 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் குறைபாடுகளை இனங்காணும் தன் கைநூலைத் திருத்தியபோது, அறிவு விருத்திக் குறைபாட்டின் கடுமையை ஐ.கியூ.வை வைத்துப் பிரிப்பதையே விட்டுவிட்டது. அன்றாட வாழ்வில் பிள்ளைக்கு எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதைத்தான் இப்போது பார்க்கிறார்கள். ஒன்று கேட்கிறேன். சோதனை எந்த மொழியில் நடந்தது? கேட்டவர் தமிழில் கேட்டாரா, இடையில் ஒருவர் மொழிபெயர்த்தாரா? காது சோதித்த பிறகா, முதலா? இவை தெரியாமல் 52ஐத் தூக்கிப் பிடிக்காதீர்கள்.

கேள்வி: ஏழு வயது, ஓட்டிசம், பேச்சு இல்லை. பேச்சுச் சிகிச்சை செய்கிற மிஸ் படப் பலகை பாவிக்கச் சொன்னா. படத்தைத் தொட்டுக் காட்டப் பழகினால் வாயைத் திறக்கவே மாட்டான் என்று மாமி சண்டை. (ஒரு தாய், கிண்ணியா)

பதில்: மாமியின் பயம் மாமிக்கு மட்டும் உரியது இல்லை, மகள். வைத்தியர்களில்கூடச் சிலர் முந்தி அப்படித்தான் சொன்னார்கள். அதனால்தான் எண்ணிப் பார்த்தார்கள். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், நம்பத்தக்க சான்று இருந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்குப் பேச்சு கொஞ்சமாவது கூடியிருந்தது. மிச்சப் பேர் இருந்தபடியே இருந்தார்கள். குறைந்தவர் ஒருவரும் இல்லை. இதை மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஆனால் பலகையில் என்ன இருக்கிறது? நான் பார்த்த பலகைகளில் எல்லாம் தண்ணி, பிஸ்கட், ரொய்லட். அதை மட்டும் வைத்து ஒரு மனிசன் என்ன பேசுவது? "விளங்கவில்லை", "வேண்டாம்", "இன்னும்", "ஏன்" நாலையும் சேருங்கள். பள்ளியில் அந்த வாரம் நடக்கும் பாடத்தின் சொற்களும் வரட்டும். போனில் படமெடுத்து லமினேட் பண்ணினால் போதும். காது சோதித்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பேச்சில்லாத பிள்ளைக்கு முதல் வேலை அதுதான்.

கேள்வி: மூதூர்ப் பக்கம் விசேட கல்வி அலகு ஒன்றில் படிப்பிக்கிறேன். 11 முதல் 15 வயது வரை எட்டுப் பிள்ளைகள். சிலருக்கு அறிவு விருத்திக் குறைபாடு, சிலருக்கு ஓட்டிசம். பாடப்புத்தகத்திலிருந்து எதையாவது படிப்பிக்க ஆசை. "அதுகளுக்கு எதுக்கு வரலாறும் விஞ்ஞானமும், பல் தீட்டவும் பட்டன் போடவும் பழக்கினால் காணும்" என்கிறார்கள். (ஓர் ஆசிரியை)

பதில்: இதை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் கனகாலமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பாடசாலையின் அலகுக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனின் கொப்பியைப் புரட்டினேன். நிறம் தீட்டிய மாம்பழம். முந்திய வருடக் கொப்பியிலும் மாம்பழம். அதற்கு முந்தியதிலும் அதே அச்சு, அதே மாம்பழம். மூன்றுக்கும் கீழே சிவப்பு மையில் "மிக நன்று". முதலாவது மாம்பழமே கோட்டைத் தாண்டாமல் திருத்தமாகத்தான் இருந்தது. பிறகு எதற்கு மற்ற இரண்டும்?

"இதற்கு மேல் அவனுக்கு ஏலாது" என்பார்கள். ஏலாது என்று எப்போது பார்த்தீர்கள்? 1984இல் ஆன் டொனலன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கருத்து வைத்தார். பிள்ளையைப் பற்றி உறுதியாகத் தெரியாத இடத்தில், பிழைத்துப் போனாலும் ஆகக் குறைந்த கேடு செய்யும் எண்ணத்தை வைத்துக்கொண்டு நடவுங்கள் என்பது அது. விளங்கும் என்று நம்பிப் படிப்பித்து விளங்காமல் போனால் கொஞ்ச நேரம் நட்டம். விளங்காது என்று விட்டபிறகு, விளங்கக்கூடிய பிள்ளை அது என்று தெரியவந்தால்? பத்து வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

ஆராய்ச்சி செய்தவர்களும் இதில் சுத்தவாளிகள் இல்லை. வட கரோலினாவின் சார்லட் நகரப் பல்கலைக்கழகத்தில் இருந்த டயான் பிரௌடரும் கூட்டாளிகளும், கடும் அறிவு விருத்திக் குறைபாடு உள்ளவர்களுக்கு வாசிப்புக் கற்பித்த ஆய்வுகள் 130 அளவில் திரட்டி 2006இல் எழுதினார்கள். பெரும்பாலானவை தனிச் சொல்லைப் பார்த்துச் சொல்லப் பழக்கியதோடு நின்றிருந்தன. வாசித்தது விளங்கியதா என்று கேட்டவை சொற்பம். கேட்டால்தானே பிள்ளை காட்டும்? 1997இல் அமெரிக்கச் சட்டம் பொதுப் பாடத்திட்டத்தை இந்தப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடச் சொன்னது. அதன் பிறகு பிரௌடர், ஃபிரெட் ஸ்பூனர் போன்றவர்கள் கணிதம், விஞ்ஞானம், சுருக்கி எழுதிய கதைகள் என்று ஒவ்வொன்றாகப் படிப்பித்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் கற்றார்கள். எல்லாரும் எல்லாவற்றையும் கற்றார்கள் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் முந்தி நினைத்ததைவிடக் கனக்கக் கற்றார்கள்.

உங்களுக்குச் செய்முறை வேண்டும். ஒல்லாந்தர் பாடத்தை எடுங்கள், கோட்டை நம் திருகோணமலையிலேயே இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு வரி: "இந்தக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினார்கள்." "பிறகு ஒல்லாந்தர் பிடித்தார்கள்." "பிறகு ஆங்கிலேயர் பிடித்தார்கள்." பக்கத்துக்கு ஒரு படம். கோட்டை வாசலைப் படமெடுக்கும்போது மான் நிற்காத நேரமாகப் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் பாடம் முழுக்க மானைப் பற்றித்தான் நடக்கும். வாசித்துக் காட்டிவிட்டு "முதலில் யார் கட்டினார்கள்?" என்று கேளுங்கள். முன்னால் மூன்று அட்டை. முதல் நாள் கேட்ட கையோடு சரியான அட்டையைத் தொட்டுக் காட்டிவிடுங்கள், பிள்ளையும் தொடட்டும். அடுத்த நாளிலிருந்து கேட்டுவிட்டு நாலைந்து செக்கன் பொறுங்கள். தொட்டால் பாராட்டு, தொடாவிட்டால் நீங்கள் காட்டுங்கள். பிழையைப் பழக விடாமல் சரியைப் பழக்குவதுதான் இதன் சூட்சுமம். ஒவ்வொரு முறையும் சரி, பிழை, உதவியோடு என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாலைந்து செக்கன் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நம் ஆசிரியர்களுக்கு ஆகக் கஷ்டம்.

பல் தீட்டப் பழக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலையில் பல் தீட்டின பிள்ளைக்குப் பத்து மணிக்கு வரலாறு ஏன் ஆகாது? அந்தக் குறிப்புக் கொப்பியை ஒரு தவணை முடிய உங்கள் மேலதிகாரியின் மேசையில் வையுங்கள். வாய்ச்சண்டை வேண்டாம்.

கேள்வி: கொழும்பில் ஒருவர் பேச்சில்லாத பிள்ளையின் கையைப் பிடித்து டப்பில் எழுத வைக்கிறார். என் பத்து வயது மகள் ஆங்கிலத்தில் கவிதை எழுதிவிட்டாள். வீட்டில் தமிழ்தான். மாதம் இரண்டு முறை கூட்டிப் போகிறோம். தொடரலாமா? (உவர்மலை)

பதில்: நிறுத்துங்கள். 1990களில் இதைச் சோதித்தார்கள். பிள்ளைக்கு ஒரு படம், கை பிடிப்பவருக்கு வேறு படம், ஒருவர் பார்த்தது மற்றவருக்குத் தெரியாது. எழுதி வந்தது கை பிடித்தவர் பார்த்த படம். திரும்பத் திரும்ப அப்படியே. 1994இலேயே அமெரிக்க உளவியல் சங்கம் இதற்கு ஆதாரமில்லை என்று தீர்மானம் போட்டது. கை பிடிப்பவர் பொய்யர் என்று நான் சொல்லவில்லை, தான்தான் எழுதுகிறேன் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் மகளின் பேச்சை இன்னொருவர் பேசுகிறார். வீட்டுக்குள் ஆங்கிலமே இல்லாத பிள்ளை ஆங்கிலத்தில் கவிதை எழுதியபோதாவது உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? அந்தப் பஸ் காசில் ஒரு நல்ல படப் பலகை செய்யலாம். அதை அவளே, தன் விரலால், யாரும் தொடாமல் காட்டட்டும்.

கேள்வி: ஓட்டிசம் உள்ள பிள்ளையோடு ஒரே மொழிதான் பேச வேண்டும், அதுவும் ஆங்கிலம்தான் நல்லது என்கிறார்களே? (வயது 4, பாலையூற்று)

பதில்: வயது எழுதியதற்கு நன்றி. வீட்டு மொழியில் பேசுங்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் இந்தப் பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. டவுண் சின்ட்ரோம் பிள்ளைகளிடம் கனடாவில் பார்த்து 2005இலேயே எழுதிவிட்டார்கள். அம்மம்மாவோடு பேசத் தெரியாத ஆங்கிலம் எதற்கு?

கேள்வி: இறுதி வருட ஆய்வுக்கு, "விசேட தேவையுடைய பிள்ளைகள் குறித்த பெற்றோர் மனப்பாங்கு" என்று 40 கேள்விகள் கொண்ட வினாக்கொத்து தயாரித்துள்ளேன். பெற்றோரின் தொடர்பு எண்கள் தந்து உதவ முடியுமா? (பல்கலைக்கழக மாணவி, நிலாவெளி)

பதில்: எண்கள் தரமாட்டேன், எவருக்கும். இந்த மாவட்டத்துத் தாய்மார் மனப்பாங்குக் கேள்விகளுக்குக் கோடு போட்டுக் களைத்துப் போனார்கள். "உங்கள் பிள்ளையை நினைத்து வெட்கப்படுகிறீர்களா? மிகவும் / ஓரளவு / இல்லை." இதை ஒரு தாயிடம் நீட்டுவதற்கு முன் உங்கள் அம்மாவிடம் நீட்டிப் பாருங்கள். படிவத்தைக் கொண்டுபோனவர்களில் முடிவைச் சொல்லத் திரும்பி வந்தவர்கள் மிகக் குறைவு.

வேறு வழி இருக்கிறது. இந்தத் துறையின் நல்ல ஆய்வுகளில் பல மூன்று நாலு பிள்ளைகளை வைத்தே நடந்தவை. படிப்பிக்க முதல் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று பல தடவை அளக்கிறீர்கள். பிறகு ஒரு பிள்ளைக்குத் தொடங்குகிறீர்கள், மற்றவர் காத்திருக்கிறார்கள். முதலாமவரின் அளவு ஏறியதும் இரண்டாமவர், அப்படியே மூன்றாமவர். ஒவ்வொருவரும் நீங்கள் தொடங்கிய பிறகுதான் ஏறினார்கள் என்றால் ஏற்றியது உங்கள் முறைதான் என்று சொல்லலாம். தமிழில், தமிழ்ப் பாடத்தை வைத்து அப்படி ஒன்று செய்யுங்கள். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம், பிள்ளையிடம் அதற்கு விளங்கும் விதத்தில் சம்மதம், முடிந்ததும் முடிவோடு திரும்பிப் போவது. இதற்குச் சம்மதமானால் அலகு ஆசிரியர் ஒருவரை நானே அறிமுகப்படுத்துவேன்.

கேள்வி: ஆறு வயது மகளை முதலாம் தரத்தில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். "இந்தப் பிள்ளைக்கு ஏற்ற பள்ளி இது இல்லை" என்றார்கள். (குச்சவெளி)

பதில்: எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாதி மறுப்பு அங்கேயே கரைந்துவிடும். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலது குறைவைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதைத் தடை செய்கிறது, 23ஆம் பிரிவைப் பாருங்கள். வலது குறைந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. முதலில் வலயக் கல்வி அலுவலகம், அங்கும் இழுத்தடித்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகம். சேர்த்த பிறகு பின்வாங்கில் இருத்திவிட்டு மறந்துபோவார்கள். அதையும் போய்ப் பாருங்கள்.

கேள்வி: மகளுக்கு 15 வயது, பெருமூளை வாதம். சாதாரண வகுப்பில்தான் படிக்கிறாள், படிப்பில் குறையில்லை. கை நடுங்குவதால் எழுதி முடிக்க நேரம் காணாது. கண்ணும் காதும் சோதித்தாயிற்று. அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. (அன்புவழிபுரம்)

பதில்: கேட்க வேண்டியதைச் சரியாக எழுதிய கடிதம் இது ஒன்றுதான். பெருமூளை வாதம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அறிவு விருத்தியில் குறையே இல்லை. கை நடுங்கினால் மூளையும் மந்தம் என்று நினைக்கும் ஆட்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்குப் பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரமும், தேவையானால் பிள்ளை சொல்லச் சொல்ல எழுதும் உதவியாளரும் அனுமதிக்கிறது. தானாக வராது, மருத்துவ அறிக்கையோடு அதிபர் மூலம் கேட்க வேண்டும். பரீட்சை நெருங்கும்போது ஓடாமல் இப்போதே வைத்தியரிடம் அறிக்கை வாங்கிப் பிரதி எடுத்து வையுங்கள்.

உதவியாளரைக் கேட்பதென்றால் இந்தத் தவணையிலேயே பழகத் தொடங்கட்டும். விடையைத் தானே எழுதுவது ஒரு வேலை, இன்னொருவர் எழுதச் சொல்லிக்கொண்டு போவது முற்றிலும் வேறு வேலை. "கமா போடு, அடுத்த பந்தி, முதல் வரியைத் திருப்பி வாசி" என்று சொல்லிப் பழகாத பிள்ளை மண்டபத்தில் தடுமாறும். கணிதத்தில் இன்னும் மோசம், பின்னத்தை வாயால் சொல்லிப் பாருங்கள், தெரியும். கிழமைக்கு ஒரு பழைய வினாத்தாள், நேரம் பிடித்து, வீட்டார் அல்லாத ஒருவரை எழுத வைத்து. பக்கத்து வீட்டு உயர்தர மாணவி யாராவது இருந்தால் நல்லது. தாய் எழுதினால் விடையைத் திருத்தி எழுதிவிடுவாள்.