பார்ட்டி இசைத்தட்டுகளில் கரீபியத் தாளம்: கேள்வி பதில்

கே: பழைய ரிதம் அண்ட் புளூஸ் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஆட்ட இசை) பாட்டுகளுக்குள் கரீபியன் தாளம் எப்படி நுழைந்தது?

ப: முக்கியமான வாசல் அமெரிக்காவின் தெற்கே உள்ள நியூ ஆர்லியன்ஸ். கியூபாவின் தலைநகர் ஹவானாவுக்குக் கப்பல் போய்வந்த துறைமுகம். அந்த ஊர் இசைக்குழுத் தலைவர் டேவ் பார்த்தலோமியூ, ஒரு ரும்பா (கியூபா நடன இசை) இசைத்தட்டில் பேஸ் என்ற அடிநாத வாத்தியம் வாசித்த வரியைக் கேட்டுப் பிடித்துக்கொண்டார். 'கன்ட்ரி பாய்' பாட்டில் பேஸையும் டிரம்ஸையும் நேரான ஸ்விங்கில் (ஜாஸ் நடைத் தாளத்தில்) ஓடவிட்டு, அந்த ரும்பா வரியை மேலே சாக்ஸபோன்களுக்கு எழுதிக் கொடுத்தார். 'தகிட தகிட தக' என்று 3+3+2 ஆகச் சொல்லிக்கொண்டே கேளுங்கள், பிடிபடும். பியானோவில் இதே வித்தையைக் கேட்க நியூ ஆர்லியன்ஸ் பியானோக் கலைஞர் புரொபசர் லாங்ஹேரின் 'டிப்பிடினா' (1953) போதும். இடது கையைக் கவனியுங்கள்.

கே: தலைப்பில் 'மாம்போ' இருந்தால் கியூபா இசைதானே?

ப: தலைப்பை நம்பாதீர்கள். 1954 வாக்கில் மாம்போ என்ற கியூபா நடன இசையின் மோகம் உச்சத்தில் இருந்தது. அந்தச் சொல்லுக்கே விற்பனை இருந்தது. பேஸைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கே: டிரினிடாட் தீவின் கலிப்சோ பாட்டு வகையும் நுழைந்ததா?

ப: அமெரிக்கப் பாடகர்கள் லூயி ஜோர்டனும் எலா ஃபிட்ஸ்ஜெரால்டும் பாடிய 'ஸ்டோன் கோல்ட் டெட் இன் தி மார்க்கெட்' கேளுங்கள். கொடுமைக்காரப் புருஷனைச் சந்தையில் அடித்துக் கொன்ற மனைவியின் பாட்டு. எழுதியவர் டிரினிடாட்காரர் வில்மத் ஹூடினி. 1946இல் கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடம்.

கே: ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லியின் தாக்கம்?

ப: மறுபடியுமா! மார்லி பிறந்ததே 1945இல். ஜமைக்காவில் நடந்தது தலைகீழ்: அமெரிக்கத் தட்டுகளைக் கேட்டு வளர்ந்துதான் அங்கே ஸ்கா (ரெகேக்கு முந்தைய இசை) பிறந்தது.

கே: பழைய தட்டு ஒன்று இருக்கிறது, என்ன விலை போகும்?

ப: வியாபாரியைக் கேளுங்கள்.

கே: அமெரிக்கப் பாடகர் போ டிட்லியின் தாளம் (1955) அப்பட்டமான கியூபா கிளாவே. ஒப்புக்கொள்கிறீர்களா?

ப: கிளாவே என்பது கியூபா இசையின் அடிப்படையான ஐந்தடித் தாளம்; டிட்லியின் ஐந்து அடியும் 3-2 கிளாவேயோடு (முதலில் மூன்று, பிறகு இரண்டு) பொருந்துகின்றன. அவர் குழுவின் ஜெரோம் கிரீன் குலுக்கும் மராக்காஸும் (கிலுகிலுப்பைகள்) சேர்ந்தால் கியூபா என்றே தோன்றும்.

கே: (வேறொருவர்) அது ஹேம்போன்! தொடையிலும் மார்பிலும் தட்டும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சொந்தத் தாளம். ஏன் கியூபாவுக்குத் தாரைவார்க்கிறீர்கள்?

ப: தாரைவார்க்கவில்லை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஹவானாவிலும் இறங்கினார்கள், அமெரிக்காவின் தென்கரையிலும் இறங்கினார்கள். ஒரே தாளம் இரண்டு கரையிலும் பிழைத்திருக்க முடியும். பார்த்தலோமியூ விஷயத்தில் தட்டிலிருந்து எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார், அதனால் கியூபா என்று துணிந்து சொல்கிறேன். டிட்லிக்கு அந்தத் துணிவு எனக்கு வராது.