கட்டாயக் கல்யாணம் செய்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட தோழிக்குத் தூக்கமே இல்லை. ஜிபி (குடும்ப மருத்துவர்) தந்த மன அழுத்த மாத்திரை போதுமா?

மாத்திரையை எடுக்கட்டும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். தொடக்கத்தில் படபடப்பு கூடலாம், அதற்காகத் தானாக நிறுத்தக் கூடாது. ஆனால் "வீட்டைவிட்டுப் போனால் நாடு கடத்திவிடுவார்கள்" என்ற பயத்துக்கு மாத்திரை கிடையாது.

ஜிபியிடம் என்ன சொன்னார் என்று கேளுங்கள். தலைவலி, தூக்கமில்லை என்பதோடு நின்றிருக்கும். மாமியாரோ கணவரோ மொழிபெயர்த்திருப்பார். அடுத்த முறை நேரம் வாங்கும்போதே தனியாகப் பேச வேண்டும், தொலைபேசி வழியாகப் பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். கட்டணம் இல்லை. நேரில் வரும் மொழிபெயர்ப்பாளர் அதே கோயிலுக்குப் போகிறவர் என்றால் விஷயம் வீட்டுக்குப் போய்விடும். சம்மதமில்லாமல் நடந்த கல்யாணம் என்பதையும் வீட்டில் நடப்பதையும் மருத்துவக் குறிப்பில் பதியச் சொல்லட்டும். மருத்துவப் பதிவுகளைக் காட்டும் என்ஹெச்எஸ் (பிரிட்டன் அரசு மருத்துவ சேவை) செயலி கணவர் கையில் இருந்தால், அந்தப் பதிவு அதில் தெரியாமல் மறைக்கவும் சொல்ல வேண்டும்.

இதே பதிவுதான் பிறகு விசாவுக்குச் சான்று. கணவர் பிரிட்டன் குடிமகனோ நிரந்தர அனுமதி உள்ளவரோ என்றால், குடும்ப வன்முறையால் உறவு முறிந்த மனைவி நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். அடி மட்டுமல்ல, மிரட்டுவது, சம்பளத்தைப் பிடுங்குவது, வெளியே விடாதது எல்லாம் வன்முறைதான். கையில் காசில்லாதவருக்கு அரசு உதவி பெறும் உரிமையோடு 3 மாத இடைக்கால அனுமதி உண்டு. அதைப் பெற்றால் பழைய விசா போய்விடும்! கணவர் வேலை விசாவில் இருந்து இவர் டிபென்டென்ட் (அவரைச் சார்ந்து விசா பெற்றவர்) என்றால், அந்த 3 மாத அனுமதி கிடைக்கும், நிரந்தர அனுமதிக்கான வழி கிடையாது. எனவே குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் படிவத்தில் கை வைக்க வேண்டாம்.

இங்கிலாந்து, வேல்ஸில் விவாகரத்துக்குக் கல்யாணமாகி ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். சம்மதமில்லாத திருமணத்தைச் செல்லாததாக்க அப்படிக் காத்திருக்க வேண்டாம், ஆனால் 3 ஆண்டுக்குள் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் மனநோய் இருந்திருந்தால் நீதிமன்றம் தாமதத்தைப் பொறுக்கலாம்.

பெரியவர்களை வைத்துப் பேசுகிறேன் என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள். கட்டிவைத்ததே அவர்கள்தானே. "அம்மாவுக்கு உடம்பு முடியலை, வந்து பார்" என்று டிக்கெட் வரும். ஊரில் இறங்கியதும் பாஸ்போர்ட் கைமாறிவிடும்.

குடும்ப வன்முறை உதவி எண் 0808 2000 247. 24 மணி நேரமும் இலவசம். கட்டாயத் திருமணத்துக்கென்றே இருக்கும் அரசுப் பிரிவு 020 7008 0151. பேசியதும் அழைப்புப் பட்டியலிலிருந்து எண்ணை அழித்துவிடச் சொல்லுங்கள்.