புழுக்கத்தில் நெடுந்தூரம் சைக்கிள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மே மாதம் சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகிறேன். ஆப்பில் பார்த்தால் காலை 6 மணிக்கு ஈரப்பதம் 90 சதவீதம், மதியம் 2 மணிக்கு 50 சதவீதம். வெயில் எனக்குப் பழக்கம், புழுக்கம்தான் ஆகாது. அப்படியானால் மதியம் ஓட்டலாமா?

வேண்டவே வேண்டாம். இந்தச் சதவீதக் கணக்கு நிறையப் பேரை ஏமாற்றுகிறது. அந்த நேரத்துச் சூட்டில் காற்று அதிகபட்சம் எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதைத்தான் ஆப் காட்டுகிறது. காற்று சூடானால் அந்த அதிகபட்சமே உயர்ந்துவிடும். 27 டிகிரியில் 90 சதவீதம் என்பதும் 37 டிகிரியில் 50 சதவீதம் என்பதும் ஏறக்குறைய ஒரே அளவு நீராவிதான். மதியம் புழுக்கம் குறைவதில்லை. அதே புழுக்கத்தின் மேல் பத்து டிகிரி சூடும் உச்சி வெயிலும் சேர்ந்துகொள்கின்றன.

வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெளியேறும். ஆவியாகாமல் சொட்டி விழுந்தால் தண்ணீரும் உப்பும் நஷ்டம், குளிர்ச்சி கிடையாது. அது ஆவியாகுமா ஆகாதா என்பதைக் காற்றில் உள்ள மொத்த நீராவி தீர்மானிக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள ஆப்பில் டியூ பாயிண்ட் (பனிநிலை) என்று இருப்பதைப் பாருங்கள். அது 20க்குக் கீழே இருந்தால் சுகமாக மிதிக்கலாம். 25ஐ ஒட்டினால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். மே மாதத்தில் நம் கடலோரம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஆகவே காலை 4.30 மணிக்குக் கிளம்பி (முன்னும் பின்னும் நல்ல விளக்கு கட்டாயம்) 9.30, 10க்குள் நிறுத்திவிடுங்கள். மாலை நாலு மணிக்கு மேல் மிச்சத்தைப் பார்க்கலாம். நண்பகல்வாக்கில் வரும் கடற்காற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள். மேற்கிலிருந்து நிலக்காற்று பலமாக வீசும் நாளில் அது தாமதமாகும். சென்னையில் 40 டிகிரியைத் தாண்டுவதெல்லாம் பெரும்பாலும் அப்படிப்பட்ட நாட்களில்தான். வந்தாலும் தென்கிழக்கிலிருந்து வருவதால் தெற்கே போகிற உங்களுக்கு அது எதிர்க்காற்று. முதல் நாள் மாமல்லபுரத்தோடு நிறுத்திக்கொண்டால், நிழலே இல்லாத மரக்காணம் உப்பளப் பகுதியை மறுநாள் வெயில் ஏறுவதற்குள் கடந்துவிடலாம்.

ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன். அப்படியும் மாலையில் தலைவலி, குமட்டல். விரல் வீங்கி மோதிரம் இறுகிவிடுகிறது. இன்னும் குடிக்க வேண்டுமா?

தயவுசெய்து வெறும் தண்ணீரை இன்னும் கூட்டாதீர்கள். நீங்கள் சொல்கிற அறிகுறிகள் ரத்தத்தில் சோடியம் குறைவதோடு பொருந்துகின்றன. ஒரு லிட்டர் வியர்வையில் அரை கிராம் முதல் இரண்டு கிராம் வரை சோடியம் போகும், ஆளுக்கு ஆள் மாறுபடும். சட்டையில் வெள்ளைப் பூப்பூவாக உப்புப் படிகிறவர்களுக்கு இழப்பு அதிகம். அதை ஈடுகட்டாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் இருக்கிற சோடியமும் நீர்த்துப்போகும். முற்றினால் குழப்பமும் வலிப்பும் வரும். அந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிதான்.

தாகத்துக்குக் குடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உப்புள்ள ஏதாவது ஒன்று உள்ளே போகட்டும். உப்புப் போட்ட நீர்மோர் அருமையானது. காலையில் நீராகாரமோ பழைய சோறோ கிடைத்தால் உப்புச் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், அதைவிட நல்ல காலை உணவு எனக்குத் தெரியாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்தான். எனவே இளநீர் மட்டும் போதாது. மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். வாங்கினால் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று போட்டிருக்கிறதா பாருங்கள். லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கும். உறையில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும்.

பயணத்துக்கு முன்பே ஒரு சோதனை செய்யலாம். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் பாக்கி. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். ரத்த அழுத்தத்துக்கோ சிறுநீர் பிரியவோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்டுவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

சமவெளியில் நூறு கிலோமீட்டர் அலுப்பில்லாமல் போகிறேன். கொல்லிமலை ஏற்றத்தில் பாதியிலேயே தலை சுற்றுகிறது. ஏன்?

சமவெளியில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்த வேகமே உங்களுக்குக் காற்று வீசுகிறது. அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஆறேழு கிலோமீட்டர் வேகம்தான் வரும், காற்று நின்றுவிடும். உழைப்போ இருமடங்கு. செலவாகும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதியெல்லாம் உடம்பில் சூடாகத் தங்குகிறது. பின்காற்றில் சுகமாக மிதந்து போகும்போதும் இதே ஆபத்து உண்டு, யாரும் கவனிப்பதில்லை.

மிகச் சிறிய கியரில் ஏறுங்கள். நிழலுள்ள வளைவில் தயங்காமல் நின்று தலை, கழுத்து, முன்கைகளில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். அதுவும் ஆவியாகிக் குளிர்விக்கும், உங்கள் வியர்வை மிச்சம்.

பெங்களூரில் இருக்கிறேன். இந்தச் சூடு பழக எத்தனை நாள் ஆகும்?

ஒன்றிலிருந்து இரண்டு வாரம். தினமும் ஒரு மணி நேரமாவது வெக்கையில் மிதமாக ஓட்டினால் உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பும் குறையும். விட்டுவிட்டால் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும். பெங்களூரில் அந்த அளவு வெக்கை கிடைக்காது என்பதால் பயணத்தின் முதல் மூன்று நான்கு நாட்களை வழக்கமான தூரத்தில் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள். இரவில் ஏ.சி. அறை எடுத்தால் பழக்கம் கெடும் என்று பயப்பட வேண்டாம், நல்ல தூக்கம் அதைவிட முக்கியம்.

தொடை இடுக்கில் புண், முதுகெல்லாம் வேர்க்குரு. பவுடர் போடலாமா?

இடுக்கில் பவுடர் வேண்டாம், நனைந்தால் கட்டிதட்டி இன்னும் உரசும். மெல்லியதாக வாசலின் தடவுங்கள். பஞ்சு வைத்த சைக்கிள் டிரவுசருக்குள் ஜட்டி போடக்கூடாது. கடலோரக் காற்றில் துவைத்தது ஒரே இரவில் காயாது, மூன்று செட் எடுத்துப்போங்கள். துவைத்ததைத் துண்டில் சுருட்டி முறுக்கினால் பாதி ஈரம் போய்விடும். வட்டமாக ஓரம் தடித்து அரித்தால் அது படர்தாமரை. கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதை அடக்குவதுபோல் காட்டி வளர்த்துவிடும். தோல் டாக்டரிடம் போங்கள்.

வெயிலில் டயர் வெடிக்குமா?

நல்ல டயராக இருந்து, பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவு வரை நிரப்பாமல் இருந்தால், வெடிக்காது. 25 டிகிரியில் 60 பி.எஸ்.ஐ. அடித்தது 50 டிகிரியில் 66ஐ ஒட்டி வரும், அவ்வளவுதான்.

கூட வருபவருக்கு வெப்பத்தாக்கு வந்தால் எப்படித் தெரியும்? வியர்வை நின்றுவிடும் என்கிறார்களே?

அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். மிதித்துக்கொண்டிருக்கும்போது வெப்பத்தாக்கு வந்தவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். பேச்சையும் நடையையும் கவனியுங்கள். சம்பந்தமில்லாமல் பேசுவது, காரணமின்றிக் கோபப்படுவது, வண்டி தள்ளாடுவது, கேட்டதற்குப் பதில் வராதது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே நிறுத்துங்கள். உள்ளுடம்பு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

நிழலில் படுக்கவைத்து ஹெல்மெட்டையும் மேல்சட்டையையும் கழற்றுங்கள். ஒருவர் 108க்கு அழைக்கட்டும், மற்றவர் அந்த நேரத்திலேயே தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிற வேண்டும். பக்கத்தில் பம்ப்செட் தொட்டி இருந்தால், தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள, கழுத்துவரை அமிழ்த்தலாம். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது. ஆம்புலன்ஸ் வரும்வரை ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். தேறி எழுந்து "எனக்கு ஒன்றுமில்லை, போகலாம்" என்று அவர் சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அவருக்கு அந்தப் பயணம் அத்தோடு முடிந்தது. சைக்கிளை லாரி சர்வீஸில் போட்டுவிட்டு, யாராவது ஒருவர் கூடவே ரயிலில் போய் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.